அரசின் கை எதுவரை?

ஒரு நாட்டின் அரசாங்கம் எவற்றைச் செய்தல் வேண்டும், எவற்றைச் செய்யாது விடுதல் வேண்டும் என்பது பற்றி இன்று சிறிது சிந்திப்போம். தேர்தல் காலத்தில் மேடைதோறும் எழும் கேள்வி இது. ஆயினும் மேடையில் கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் கைதட்டலோடு முடிந்துவிடும். நாம் நிதானமாக, ஒரு கணக்கைப் போடுவதுபோல, படிப்படியாக இதனை ஆராய்வோம்.

அரசன் குடிகளிடம் எவ்வளவு வரி வாங்கலாம் என்ற ஆராய்ச்சி நமக்குப் புதிதன்று. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் புலவர் பிசிராந்தையார் சொன்ன அறிவுரை புறநானூற்றில் இருக்கிறது. விளைந்த கதிரை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலில் புகுந்தால் அது உண்பதைவிட மிதித்து அழிப்பதே மிகுதியாகும் என்பது அவ்வறிவுரையின் கருத்து. வரியின் அளவைப் போலவே அதனை வாங்கும் முறையும் நாட்டை வாழ்விக்கும் அல்லது கெடுக்கும் என்பதை அப்புலவர் உணர்ந்திருந்தார்.

இதே கருத்தை அடிப்படையாகக் கொண்டு ஐரோப்பாவில் ஒரு கொள்கை வளர்ந்தது. அதனைத் தனிமனித சுதந்திரக் கொள்கை எனலாம். ஒவ்வொருவனும் தன் உழைப்பையும் பொருளையும் தன் விருப்பப்படி பயன்படுத்த உரிமை உடையவன். பிறருக்குத் தீங்கு செய்யாதவரை அரசு அவனைத் தடுத்தலாகாது. அரசின் செலவு சிறிதாகவும், வாணிபம் தடையற்றதாகவும், சட்டம் எல்லார்க்கும் ஒன்றாகவும் இருத்தல் வேண்டும் என்பது அக்கொள்கையின் சாரம். ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் ஆடம் ஸ்மித் 1776ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூல் இக்கொள்கைக்கு ஊற்றாக விளங்கிற்று.

பிரெஞ்சு நாட்டைச் சேர்ந்த பாஸ்தியா என்பவர் 1850ஆம் ஆண்டில் இக்கொள்கைக்கு ஓர் எளிய விளக்கம் தந்தார். அரசின் செயலால் விளையும் பயன்களுள் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, தெரியாதது ஒன்று. நல்ல பொருளியலறிஞன் இரண்டையும் எண்ணிப் பார்ப்பான் என்றார் அவர். நம் ஊர்ச் சூழலில் வைத்து இதனைப் பார்ப்போம். ஊர் நுழைவாயிலில் ஒரு லட்சம் ரூபாய்ச் செலவில் ஓர் அலங்கார வளைவு எழுப்பப்படுகிறது என்று கொள்க. வளைவு தெரிகிறது. கொத்தனாருக்குக் கிடைத்த கூலியும் தெரிகிறது. ஆனால் அந்த ஒரு லட்சம் ரூபாய் மக்களிடமே இருந்திருந்தால் ஒருவர் ஒரு கறவை மாடு வாங்கியிருப்பார். மற்றொருவர் பழுதுபட்ட தறியைச் செப்பனிட்டிருப்பார். வேறொருவர் மகளின் படிப்புக்குச் செலவிட்டிருப்பார். அந்த மாடும் தறியும் படிப்பும் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவற்றிற்குத் திறப்பு விழாவும் இல்லை. ஆகவே நாம் அவற்றைக் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறோம்.

கொள்கை இத்துடன் நிற்கட்டும். அது நடைமுறையில் எங்கே வென்றது, எங்கே தடுமாறியது என்பதை நம் நாட்டு வரலாற்றிலேயே காண்போம். இதற்கு இராஜாஜி அவர்களின் பொதுவாழ்வு நமக்கு நல்ல பாடமாகும். சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக அவர் 1952ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பொறுப்பேற்றபோது மக்களை வாட்டிய பெருந்துன்பம் உணவுக் கட்டுப்பாடு.

அக்கட்டுப்பாடு வந்த வரலாற்றையும் அறிதல் வேண்டும். இரண்டாம் உலகப் போரில் 1942ஆம் ஆண்டில் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே, அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. 1943இல் வங்காளத்தில் கொடிய பஞ்சம் ஏற்பட்டு லட்சக்கணக்கானோர் மாண்டனர். எனவே அரசாங்கம் உழவரிடமிருந்து குறித்த விலைக்கு நெல்லைக் கொள்முதல் செய்து, பங்கீட்டு அட்டை மூலம் அளந்து கொடுக்கத் தொடங்கிற்று. போர்க்காலத்திற்கு ஏற்ற ஏற்பாடு அது. ஆனால் போர் முடிந்து ஏழாண்டுகள் ஆன பின்னும் அது தொடர்ந்தது. அனுமதிச் சீட்டின்றி ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொரு மாவட்டத்திற்கு நெல்லைக் கொண்டு செல்வது குற்றமாயிற்று. உழவன் தன் விளைச்சலை மறைத்தான், அதிகாரி தேடினார், இடையே கள்ளச்சந்தை கொழுத்தது.

இந்நிலையில், 1952ஆம் ஆண்டு ஜூன் திங்களில், இராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். அஞ்சியவர் பலர். விலை வானளாவும், ஏழைகள் பட்டினி கிடப்பர் என்றனர். மத்திய உணவு அமைச்சராயிருந்த ரஃபி அகமது கித்வாய் அவருக்குத் துணை நின்றார். அஞ்சியபடி பேரிடர் எதுவும் நேரவில்லை. மறைந்திருந்த நெல் வெளிவந்தது. கடைகளில் அரிசி கிடைத்தது. சென்னையின் அனுபவத்தைக் கண்டு கித்வாய் நாட்டின் பிற பகுதிகளிலும் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார். 1954ஆம் ஆண்டில் அரிசிக் கட்டுப்பாடும் நீங்கிற்று.

இது எவ்வாறு நிகழ்ந்தது? விலை என்பது ஒரு செய்தியைத் தாங்கி வருகிறது என்பதே காரணம். ஓரிடத்தில் அரிசி குறைந்தால் அங்கு விலை ஏறும். விலை ஏறிய செய்தி கேட்டதும் மிகுதியாக உள்ள இடத்திலிருந்து வணிகர் அங்கே கொண்டுவருவர். உழவனும் அடுத்த போகத்தில் கூடுதலாகப் பயிரிடுவான். வாங்குவோர் சற்றே சிக்கனம் காட்டுவர். இம்மூன்றும் எவருடைய கட்டளையும் இன்றி நடைபெறும். விலையைச் சட்டத்தால் கட்டிவிட்டால் இச்செய்தி நின்றுபோகும். செய்தி நின்றால் சரக்கும் நின்றுவிடும்.

எனினும் மாணவர்களே, அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டா. இதே பரிசோதனை அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னும் ஒருமுறை நடந்தது. காந்தியடிகள் வற்புறுத்தியதன் பேரில் 1947ஆம் ஆண்டு டிசம்பரில் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. அப்போது விலைகள் விரைந்து ஏறின. 1948ஆம் ஆண்டிலேயே கட்டுப்பாடு மீண்டும் வந்தது. கொள்கை இரு முறையும் ஒன்றே. ஆனால் நாட்டுப் பிரிவினையின் கொந்தளிப்பில் தோற்றது, நிலைமை சீரடைந்துவந்த காலத்தில் வென்றது. கொள்கை சரியானதா என்று கேட்பதோடு, காலம் சரியானதா, கையிருப்பு உண்டா என்றும் கேட்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இன்னொன்றும் நினைவில் கொள்க. வங்கப் பஞ்சத்தைப் பிற்காலத்தில் ஆராய்ந்த அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில், உணவு இருந்தும் அதனை வாங்கும் ஆற்றல் இல்லாமையாலேயே கூலியாட்கள் பலர் மாண்டனர் என்று காட்டினார். தடையற்ற சந்தை சரக்கை விலை கிடைக்கும் இடத்திற்குத்தான் கொண்டு செல்லும். கையில் காசில்லாதவன் பசியை அது அறியாது. இதற்குச் சுதந்திரக் கொள்கையினர் ஒரு விடை சொல்வர்: ‘ஏழைக்கு உதவ வேண்டுமானால் அவன் கையில் பணத்தைக் கொடுங்கள், நாட்டின் நெல் முழுவதையும் கட்டிப்போட வேண்டா’ என்பர். எண்ணிப் பார்க்கத்தக்க விடையே இது.

இனி வாணிபத்திற்கும் தொழிலுக்கும் வருவோம். 1951ஆம் ஆண்டின் தொழில் வளர்ச்சி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட தொழில்களில் புதிய ஆலை தொடங்கவும் உள்ளதை விரிவாக்கவும் அரசின் உரிமம் வேண்டியிருந்தது. வெளிநாட்டுப் பொருளை வரவழைக்கவும் அக்காலத்தில் உரிமம் வேண்டியிருந்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் 1956இல் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டில் அத்திட்டத்தை ஆராய்ந்த பொருளியலறிஞர் குழுவில் பி. ஆர். ஷெனாய் ஒருவர் மட்டும் தனித்து மறுப்புரை எழுதினார். வருவாய்க்கு மீறிச் செலவிட்டு, பற்றாக்குறையை நோட்டு அச்சிட்டு நிரப்பினால் விலைவாசி ஏறும், அயல்நாட்டுச் செலாவணி கரையும் என்று அவர் எச்சரித்தார். 1957ஆம் ஆண்டில் அயல்நாட்டுச் செலாவணி நெருக்கடி வரத்தான் செய்தது.

1959ஆம் ஆண்டில் காங்கிரஸ் மகாசபை நாகபுரியில் கூட்டுறவுப் பண்ணை முறைக்கு ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதே ஆண்டில் இராஜாஜி, தமது எண்பதாம் வயதில், என். ஜி. ரங்கா, மினு மசானி ஆகியோருடன் சேர்ந்து சுதந்திரக் கட்சியைத் தோற்றுவித்தார். எதற்கெடுத்தாலும் லைசென்சு, பெர்மிட், கோட்டா என்று அரசின் வாயிலில் குடிமகனை நிற்கவைக்கும் ஆட்சியை ‘லைசென்சு பெர்மிட் ராஜ்யம்’ என்று அவர் கண்டித்தார். 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி மக்களவையில் 44 இடங்களைப் பெற்றது. பின்னர் தேய்ந்து 1974இல் வேறொரு கட்சியோடு இணைந்து மறைந்தது. ஆனால் அது எழுப்பிய கேள்வி மறையவில்லை.

அந்த ராஜ்யத்தின் இயல்பை உங்கள் தாத்தாமார் அறிவர். என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் உயர்நிலைப் பள்ளி மாணவனாயிருந்தபோது என் தந்தையார் வீட்டில் ஓர் அறை கட்ட எண்ணினார். அக்காலத்தில் சிமெண்டின் விலையும் வினியோகமும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. இருபது மூட்டைக்கு அவர் மனுச் செய்தார். ஓர் அலுவலகத்திற்கு வாரந்தோறும் நடந்தார். நானும் சில நாள் உடன் சென்றிருக்கிறேன். ‘அடுத்த வாரம் வாரும்’ என்பதே விடை. நான்கு திங்கள் கழித்து எட்டு மூட்டைக்குச் சீட்டு வந்தது. இதற்குள் அதே தெருவில் வசதி படைத்த ஒருவர் சீட்டே இல்லாமல் மாடி வீட்டைக் கட்டி முடித்திருந்தார். என் தந்தையார் சுண்ணாம்புக் காரையால் சுவரை எழுப்பிக்கொண்டார். ஏழைக்கு மலிவாகக் கிடைக்க வேண்டுமென்று வந்த கட்டுப்பாடு, ஏழையைக் காக்கவைத்துச் செல்வனுக்கு வழிவிட்டதை அன்று நான் கண்ணாரக் கண்டேன். சிமெண்டுக் கட்டுப்பாடு 1982இல் பகுதியாகவும் 1989இல் முழுமையாகவும் நீக்கப்பட்டது. இன்று சிமெண்டு வாங்க எவரும் சீட்டுக்காக நிற்பதில்லை.

1991ஆம் ஆண்டில் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. நாட்டின் அயல்நாட்டுச் செலாவணிக் கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே போதும் என்னும் நிலை வந்தது. தங்கத்தை அயல்நாட்டில் அடகு வைக்க நேர்ந்தது. அப்போது பிரதமராயிருந்த நரசிம்ம ராவும் நிதியமைச்சராயிருந்த மன்மோகன் சிங்கும் ஜூலைத் திங்களில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தனர்; பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் தேவையில்லை என்றனர்; இறக்குமதித் தீர்வையின் உச்ச அளவை நூற்றுக்கு 150 ஆகக் குறைத்தனர். அதற்கு முன் சில பொருள்களுக்குத் தீர்வை நூற்றுக்கு 300க்கும் மேல் இருந்தது.

இறக்குமதித் தீர்வையைச் செலுத்துபவர் யார் என்று வகுப்பில் கேட்டால் ‘வெளிநாட்டான்’ என்று மாணவர் விடை சொல்வதுண்டு. அது பெரும்பாலும் சரியன்று. நூறு ரூபாய்ப் பொருளுக்கு நூறு ரூபாய்த் தீர்வை என்றால், துறைமுகத்தில் அதைக் கட்டுபவர் நம் நாட்டு வணிகர். அவர் அதனை விலையில் ஏற்றி நம்மிடமே வாங்கிக்கொள்வார். அதே பொருளை உள்நாட்டில் செய்பவரும் போட்டியில்லாமையால் தம் விலையை உயர்த்துவார். அவர் அடையும் ஆதாயம் நம் கண்ணுக்குத் தெரியும். ஆயிரமாயிரம் பேர் ஆளுக்குச் சிறிது சிறிதாக இழப்பது தெரியாது. பாஸ்தியா சொன்னது இதுவே. ஆயினும் தீர்வையைத் திடீரென்று நீக்கினால் வேலை இழக்கும் தொழிலாளியின் துன்பம் உண்மையானது. நாட்டுக்கு மொத்தத்தில் ஆதாயம் என்று சொல்வதால் அவன் வீட்டு அடுப்பு எரிந்துவிடாது. ஆகவே மாற்றத்தைப் படிப்படியாகச் செய்வதும், இடைக்காலத்தில் அவனுக்கு வேறு தொழில் பயிற்றுவதும் கடமையாகும்.

தொலைபேசிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாடு, பல நிறுவனங்கள் போட்டியிடத் தொடங்கிய பின் எளிய கூலியாளின் சட்டைப்பையிலும் தொலைபேசியைக் கண்டது. ஆனால் அங்கும் அரசு முற்றிலும் விலகிவிடவில்லை. போட்டி நேர்மையாக நடைபெறுவதற்கு 1997இல் ஓர் ஒழுங்குமுறை ஆணையம் அமைக்கப்பட்டது. பந்தாட்டத்தில் நடுவர் பந்தை உதைக்கக் கூடாது; ஆனால் நடுவர் இல்லாமலும் ஆட்டம் நடவாது.

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, அரசு எதிலிருந்தும் விலகுவதே நலம் என்று நீங்கள் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணாதிருக்கவே இப்போது மறுபக்கத்தைச் சொல்ல வேண்டும்.

அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கிப் புகழ் பெற்ற அதே இராஜாஜி, மறு ஆண்டிலேயே ஒரு கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதவில்லை, பொருளும் இல்லை. எனவே கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் படிப்பது, எஞ்சிய வேளையில் பெற்றோரின் தொழிலைக் கற்பது என்று வகுத்தார். இரு முறைகளாகப் பள்ளி நடத்தினால் அதே ஆசிரியர் இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது கணக்கு. செலவு கூடாமல் சேர்க்கை பெருகும். காகிதத்தில் குறையற்ற கணக்குதான். ஆனால் பெற்றோரின் தொழில் என்பது நம் நாட்டில் பிறந்த சாதியோடு பிணைந்தது. சலவைத் தொழிலாளியின் மகன் சலவையையும், செருப்புத் தைப்பவரின் மகன் செருப்புத் தைப்பதையும் கற்கவேண்டும் என்று அரசே சொல்வதாக மக்கள் உணர்ந்தனர். ‘குலக்கல்வித் திட்டம்’ என்ற பெயரோடு எதிர்ப்புக் கனன்றது. 1954ஆம் ஆண்டில் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் ஆட்சியில் அவ்வாண்டே அத்திட்டம் கைவிடப்பட்டது.

காமராசர் செய்தது என்ன? செலவைக் குறைக்காமல் கூட்டினார். ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தார். 1956ஆம் ஆண்டில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982இல் எம். ஜி. இராமச்சந்திரன் முதலமைச்சராயிருந்தபோது அது சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது.

நான் பல ஆண்டுகள் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்திருந்தவன். மணியடித்ததும் தட்டோடு ஓடிய பிள்ளைகளை அறிவேன். உணவுக்காக வந்து, எழுத்தோடு வீடு திரும்பியவர்கள் அவர்கள். அவர்களுள் ஒரு பெண் இன்று செவிலியாகப் பணிபுரிகிறாள். ‘ஐயா, அந்தச் சோறு இல்லையென்றால் நான் களையெடுக்கத்தான் போயிருப்பேன்’ என்று அவள் ஒருமுறை சொன்னாள். அச்செலவு நடவாதிருந்தால் அவள் அடையாது போயிருக்கும் படிப்பும் கண்ணுக்குத் தெரியாத இழப்புத்தானே? பாஸ்தியாவின் அளவுகோல் இரு பக்கமும் அளக்கும். அரசின் செலவால் மறைந்துபோகும் நன்மையும் உண்டு. செலவு செய்யாமையால் பிறவாது போகும் நன்மையும் உண்டு.

சுதந்திரக் கொள்கையின் தந்தையாகிய ஆடம் ஸ்மித்தே இதனை அறிந்திருந்தார் என்பது கவனிக்கத்தக்கது. அரசுக்கு மூன்று கடமைகளை அவர் வகுத்தார்: நாட்டைப் பகைவரிடமிருந்து காத்தல், நீதி வழங்கல், தனியார் ஆதாயம் கருதிச் செய்ய முன்வராத பொதுப்பணிகளை நடத்தல் என்பன அவை. எளிய மக்களின் தொடக்கக் கல்விக்கு அரசு துணைபுரிய வேண்டுமென்றும் அவர் எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் அக்கொள்கையை வலியுறுத்திய மில்டன் ஃப்ரீட்மன் 1955இல் எழுதிய கட்டுரையில், கல்விக்கு அரசு பணம் தரலாம், ஆனால் எல்லாப் பள்ளிகளையும் அரசே நடத்தவேண்டுவதில்லை என்றார். பெற்றோரிடம் கல்விச் சீட்டைக் கொடுத்து, விரும்பிய பள்ளியைத் தேர்ந்துகொள்ள விடலாம் என்பது அவர் யோசனை. நகரத்தில் நான்கு பள்ளிகள் உள்ள இடத்தில் அது பொருந்தலாம். ஒரே பள்ளியுள்ள மலைச் சிற்றூரில் தேர்ந்துகொள்ள என்ன இருக்கிறது? அங்கே அப்பள்ளியைத் திறந்தவரே தேவை. என் கருத்து இது. நீங்கள் மாறுபடலாம், காரணம் காட்டி மாறுபடுங்கள்.

அரிசியையும் சிமெண்டையும் விளைவிக்கவும் விற்கவும் பலர் உளர். வாங்குபவன் அதன் பயனை அன்றே அறிவான். அங்கே அரசு குறுக்கே நின்றபோது வரிசையும் கள்ளச்சந்தையும் வளர்ந்தன. ஏழைச் சிறுமியின் படிப்போ இருபதாண்டு கழித்துப் பயன் தருவது. அவள் பெற்றோரிடம் அதற்குப் பொருளில்லை. அதன் பயன் ஊருக்கெல்லாம் உரியது. அங்கே அரசு கைகொடுத்தபோது ஒரு தலைமுறை நிமிர்ந்தது. ஒரே தலைவர், ஈராண்டுகளுக்குள், ஒரே சிக்கன மனத்தோடு செய்த இரு செயல்களுள் ஒன்று வாழ்த்துப் பெற்றதும் மற்றொன்று வீழ்ந்ததும் இவ்வேறுபாட்டால்தான் என்று நான் கருதுகிறேன்.

எனவே ஏதேனும் ஓர் அரசுத் திட்டத்தைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, இதற்கான பொருளை உண்மையில் கொடுப்பவர் யார்? இரண்டாவது, அரசு இதனைச் செய்யாவிட்டால் மக்களே செய்துகொள்வார்களா, அல்லது செய்யப்படாமலே போகுமா? மூன்றாவது, இத்திட்டத்தால் எளியவன் ஓர் அலுவலகத்தின் வாயிலில் காத்து நிற்க நேருமா, அன்றித் தன் காலில் நிற்கப் பழகுவானா? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்தால் மற்ற இரண்டும் தெளிவாகும் என்பது என் அனுபவம்.

நாளை வாக்குச் சீட்டு உங்கள் கைக்கு வரும். வரி கொடுப்போரும் நீங்களே. செலவை முடிவு செய்வோரும் நீங்களே. அன்று எந்தக் கட்சியின் முழக்கமும் உங்களுக்காகக் கணக்குப் போட்டுத் தராது. அதனை நீங்களே போடப் பழகுங்கள்.